முதியோர் விழாமற் காத்தல்
முதியோர் இல்லங்களை நடத்துவோர்க்கும் அங்குப் பணிபுரியும் ஊழியர்களுக்கும் உரிய ஒரு பாடம்

கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பாசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும், ஓர் ஊரின் வளர்ச்சியை அளப்பதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. உழைத்து ஓய்ந்த முதியவர்கள் அவ்வூரில் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதே அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமாக இருந்தனர். 2021ஆம் ஆண்டுக்குரிய மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாக உயர்ந்தது. பெரிய மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்திருப்பது நம் மாநிலத்தில்தான். 1962ஆம் ஆண்டில் முதியோர் உதவித் தொகைத் திட்டம் நம் மாநிலத்தில் தொடங்கிய காலத்தில் இந்நிலையை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

திருவள்ளூரை அடுத்த காக்களூரை எடுத்துக் கொள்வோம். ஒருபுறம் ஏரியும் வயலும். மறுபுறம் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும். கும்மிடிப்பூண்டி வரை பரவியுள்ள தொழிற்சாலைகளில் மூன்று முறை மாற்றி வேலை நடைபெறுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட, பெரியவர்கள் பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் குடும்பங்கள் பல. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் இல்லங்களைச் சார்ந்து வாழ்பவர்களும் உளர். ஆகவே, முதியோர் இல்லம் என்பது நகரத்தாருக்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் கருதுவதற்கில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், மாவட்டத்துக்கு ஒன்றாவது வீதம், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை அரசு அமைக்கலாம் என்று கூறுகிறது.

இல்லத்தில் உணவும் உடையும் உறைவிடமும் கிடைத்துவிடுகின்றன. ஆனால், இம்மூன்றும் நிறைவாக உள்ள ஓர் இல்லத்திலும், ஒரே ஓர் இரவில், ஒரே ஒரு முறை கால் இடறுவதால், ஒருவருடைய வாழ்வு தலைகீழாகிவிடக் கூடும். நேற்று வரை தாமே குளித்துத் தாமே உண்டவர், இடுப்பெலும்பு முறிந்து இன்று படுக்கையில் கிடக்கிறார். அத்தகைய துன்பத்தை முன்னரே அறிந்து தடுப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

விழுதலின் அளவு

ஒருவர் தம் விருப்பமின்றித் தரையிலோ, தாம் இருந்த இடத்துக்குக் கீழான ஓர் இடத்திலோ வந்து சேர்வதையே விழுதல் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இதில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. அடிபட்டால்தான் விழுதல் என்பது இல்லை. கட்டிலிலிருந்து வழுக்கிப் பாயில் அமர்ந்துவிட்டாலும் அது விழுதலே. அடிபடாமல் விழுந்தவர் அடுத்த முறை அடிபட விழக்கூடும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்று அந்நிறுவனம் கணித்துள்ளது. இவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். மாண்டவர்களுள் பெரும்பகுதியினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டில் ஒரு முறையேனும் விழுகின்றனர். எழுபதுக்கு மேல் இது 32 முதல் 42 வரை செல்கிறது. பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரிடையே 30 முதல் 50 வரை என்று 2007ஆம் ஆண்டின் அறிக்கை கூறுகிறது. இல்லத்தில் வாழ்வோர் வீட்டில் வாழ்வோரைக் காட்டிலும் அதிகமாக விழுவானேன்? அவர்கள் பெரும்பாலும் வயதிலும் நோயிலும் முதிர்ந்தவர்கள் என்பது ஒரு காரணம். பழகாத இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் என்பது மற்றொரு காரணம். சொந்த வீட்டில் இருட்டிலும் கை வைத்த இடத்தில் சுவர் இருக்கும், இல்லத்தில் அப்படியில்லை.

ஏன் விழுகிறார்கள்?

"வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்" என்று சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. இது பெருந்தவறு. விழுதலுக்குக் காரணம் வயது ஒன்றே அன்று. பல காரணங்கள் ஒரே நேரத்தில் கூடுவதே. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உடலைச் சார்ந்தவை. தொடைத் தசைகள் மெலிதல், கண்புரை, காலில் உணர்ச்சி குறைதல், மூட்டுவலி, எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய அவசரம், மறதி நோய் ஆகியன இவ்வகையின. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மங்குகிறது. தரை ஈரமா உலர்ந்ததா என்பதையே கால் அறிவதில்லை.

இரண்டாவது, மருந்தைச் சார்ந்தவை. தூக்க மாத்திரை, மனநோய்க்கு அளிக்கும் மாத்திரை, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஏகாதசி விரதமோ ரமலான் நோன்போ இருக்கும் முதியவர், உணவை விடுத்துச் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

மூன்றாவது, இடத்தைச் சார்ந்தவை. நடைபாதையில் மின்விளக்கு இல்லாமை, பளபளப்பான ஓட்டுத் தரை, உயர்ந்த நிலைப்படி, மடிந்து கிடக்கும் கால்மிதி, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, தரையில் புரளும் சேலைக் கொசுவம், அவிழ்ந்து தொங்கும் வேட்டி முனை ஆகியன. நம் நாட்டுக்கே உரிய காரணங்களும் உண்டு. எண்ணெய் முழுக்கு நாளில் பாதத்திலும் குளியலறைத் தரையிலும் எண்ணெய் படிந்திருக்கும். குந்தி அமரும் கழிப்பறையில் பிடிப்பதற்குக் கம்பி இராது. அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்குச் செல்லும் முதியவர், கூட்ட நெரிசலில் ஈரப்படியில் நிற்கிறார். வழிபாட்டைத் தடுக்க வேண்டுவதில்லை. உடன் ஒருவர் செல்லல் வேண்டும்.

மதிப்பெண் முறையும் அதன் குறையும்

யார் விழக்கூடும் என்று முன்னரே கணிக்க மேனாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் சில மதிப்பெண் முறைகளை வகுத்தனர். அவற்றுள் பெரிதும் வழங்குவது ஜேனிஸ் மோர்ஸ் என்பவர் 1980களில் வகுத்த அளவுகோல். இதில் ஆறு கேள்விகள் உள்ளன. அண்மையில் விழுந்திருந்தால் 25; ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15; கைத்தடியோ நடைச்சட்டமோ கொண்டு நடந்தால் 15; மேசை, நாற்காலிகளைப் பற்றிப் பற்றி நடந்தால் 30; நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தால் 20; நடை தளர்ந்திருந்தால் 10, மிகவும் குலைந்திருந்தால் 20; தம் இயலாமையை மறந்து எழுபவராயின் 15. மொத்தம் 125. பல மருத்துவமனைகளில் 45ம் அதற்கு மேலும் பெற்றால் மிகுந்த அபாயம் என்று கொள்கிறார்கள்.

இம்முறை எளிது, விரைவில் முடியும். ஆனால் இல்லங்களுக்கு இது போதுமா? ஓர் உதாரணத்தால் ஆராய்வோம். எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் இல்லத்தில் இருப்பதாக எண்ணிக் கொள்வோம். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு முறை விழுந்தார் (25). சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு (15). கட்டிலையும் சுவரோர மேசையையும் பற்றி நடப்பார் (30). நடை தளர்ந்தது (10). மொத்தம் 80. "மிகுந்த அபாயம்" என்று தாளில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு அட்டையைத் தொங்க விடுகிறோம். அதன்பின் என்ன செய்வது என்பதை அந்த 80 நமக்குச் சொல்லவில்லை.

அதே அறையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். இதுவரை விழுந்ததில்லை, ஒரே நோய், தடியின்றி நிமிர்ந்து நடக்கிறார், நினைவு தெளிவு. அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆனால், சென்ற வாரம் முதல் இரவில் தூக்க மாத்திரை விழுங்குகிறார். மாத்திரையைப் பற்றி அந்த ஆறு கேள்விகளில் ஒன்றும் இல்லை. மதிப்பெண்ணை நம்பி அவரை நாம் கவனியாது விட்டால், முதலில் விழுபவர் அவராகவும் இருக்கலாம்.

இக்காரணத்தாலேயே, 2022ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட உலக வழிகாட்டு நெறிகள், பராமரிப்பு இல்லங்களைப் பற்றித் தெளிவாக ஒன்றைக் கூறுகின்றன. இல்லத்தில் வாழ்வோர் அனைவரையுமே அபாயம் மிகுந்தவர்களாகக் கொள்ள வேண்டும். "இவர் விழுவார், அவர் விழார்" என்று பிரிக்கும் முதற்கட்டச் சோதனையில் காலத்தைச் செலவிட வேண்டுவதில்லை. இல்லத்தில் சேர்ந்தவுடனேயே ஒவ்வொருவருக்கும் உரிய காரணங்களைத் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றைக் களைய வேண்டும் என்பதே அது. மதிப்பீடு என்பது மனிதருக்கு எண் இடுவதற்கன்று. காரணத்தைக் கண்டு மாற்றுவதற்கே.

இது ஏட்டளவில் நிற்கும் கொள்கையன்று. இங்கிலாந்தில் 84 பராமரிப்பு இல்லங்களில் இத்தகைய முறை சோதிக்கப்பட்டது. ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, காரணங்களைச் சரிபார்க்கும் ஒரு பட்டியலையும், ஒவ்வொரு காரணத்துக்கும் உரிய செயலையும் அவர்கள் கையில் கொடுத்தனர். விழுதல் நூற்றுக்கு 43 பங்கு குறைந்ததென 2021ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. பெரும் பொருட்செலவுள்ள கருவிகளால் இது விளையவில்லை. அன்றாடம் உடனிருக்கும் ஊழியரின் கவனத்தால் விளைந்தது.

ஆராய வேண்டிய எட்டுச் செய்திகள்

நம் இல்லங்களில் கைக்கொள்ளத்தக்க முறையைக் கீழே தருகிறோம். புதியவர் சேர்ந்த முதல் வாரத்துக்குள் இதனை முடித்தல் வேண்டும். பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், விழுந்த பின்பும், நோயுற்று மருத்துவமனை சென்று திரும்பிய பின்பும், மருந்து மாறிய போதும் மீண்டும் ஆராய வேண்டும்.

1. முன்பு விழுந்ததுண்டா? எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது? "விழுந்தீர்களா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "கால் தடுக்கியதுண்டா? வழுக்கியதுண்டா? தரையில் உட்கார்ந்துவிட்டதுண்டா?" என்று பரிவோடு கேட்டால் உண்மை வெளிவரும்.

2. நடையும் நிலையும். கைபிடியுள்ள நாற்காலியில் அமரச் செய்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் சொல்ல வேண்டும். இதற்குக் கைக்கடிகாரமும் தரையில் சுண்ணக்கட்டியால் இட்ட ஒரு கோடும் போதும். 1991ஆம் ஆண்டில் கனடாவில் வகுக்கப்பட்ட சோதனை இது. பன்னிரண்டு வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால் நடையில் குறை உண்டு என்று அறியலாம். காலத்தைக் காட்டிலும் முக்கியமானது, எழும்போது தடுமாறுகிறாரா, திரும்பும்போது சாய்கிறாரா என்பது. சோதனையின்போது ஊழியர் ஒருவர் அருகிலேயே நடந்து வர வேண்டும்.

3. நின்றவுடன் இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒரு முறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10ம் அதற்கு மேலும் தாழ்ந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

4. மருந்து. அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதைக் குறைக்கலாம், எதை நேரம் மாற்றலாம் என்று அவரே முடிவு செய்வார். ஊழியர் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தலாகாது.

5. கண்ணும் காதும். கண்புரை உண்டா? மூக்குக்கண்ணாடி பழையதா? கண்ணாடி இரவில் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா?

6. பாதமும் செருப்பும். கால் நகம் வளர்ந்து வளைந்துள்ளதா? புண் உண்டா? பிடிமானமற்ற தேய்ந்த செருப்புக்குப் பதிலாகப் பின்பட்டையுள்ள, அடிப்பாகம் வழுக்காத செருப்பு தருதல் நலம்.

7. சிறுநீரும் மலமும். இரவில் எத்தனை முறை எழுகிறார்? கட்டிலிலிருந்து கழிப்பறை எத்தனை அடி தூரம்? வழியில் விளக்குண்டா?

8. அறிவும் மனமும். மறதி உண்டா? விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் உண்டா? அச்சம் மிகுந்தவர் நடப்பதையே நிறுத்துவார். நடை நின்றால் தசை மெலியும். தசை மெலிந்தால் மீண்டும் விழுவார்.

இந்த எட்டையும் மேற்கூறிய மூதாட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். அவர் விழுந்தது இரவு இரண்டு மணிக்கு, கழிப்பறை செல்லும் வழியில். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மாலையில் தரப்பட்டு வந்தது. விளக்கின் சுவிட்சு அறைக் கதவருகே இருந்தது. கட்டிலோ மறு கோடியில். செருப்பு தேய்ந்தது. எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் 24 தாழ்ந்தது. இப்பொழுது செய்ய வேண்டியவை தாமே விளங்குகின்றன. மருத்துவரின் ஒப்புதலுடன் மாத்திரையைக் காலைக்கு மாற்றுதல், இரத்த அழுத்த மருந்தின் அளவை மருத்துவர் மறுபடி ஆராய்தல், கட்டிலைக் கழிப்பறைப் பக்கமாக நகர்த்துதல், இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு ஒன்று, புதிய செருப்பு, படுக்கும் முன் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், எழும்போது கட்டில் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்து, பின்னர் எழுமாறு பழக்குதல். இவை அனைத்துக்கும் ஆகும் செலவு, ஓர் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

கட்டி வைப்பது காத்தலாகாது

சில இடங்களில், "விழுந்துவிடப் போகிறார்" என்று அஞ்சி, முதியவரை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிடுவதும், கட்டிலின் இருபுறமும் தடுப்பு அமைத்து அடைத்து வைப்பதும் உண்டு. செய்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால், கட்டுண்டவர் விடுபட முயன்று நாற்காலியோடு கவிழ்கிறார். தடுப்பைத் தாண்ட முயன்றவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். கட்டுண்டே கிடப்பவர்க்குப் படுக்கைப் புண்ணும் தசைத் தளர்ச்சியும் மனத்துயரும் வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தாயையும் தந்தையையும் ஒத்தவர்களைக் கட்டி வைப்பது அறமன்று.

விழவே கூடாது என்பது மட்டும் நம் குறிக்கோளாயின், எவரையும் எழவிடாமற் செய்துவிடலாம். நம் குறிக்கோள் அதுவன்று. அவர்கள் எழ வேண்டும், நடக்க வேண்டும், தோட்டத்துப் பூவைத் தாமே பறிக்க வேண்டும்; அவ்வாறு நடக்கும்போது விழாதிருக்க வேண்டும். ஆகவே, இயன்றவர்க்கு நாள்தோறும் எளிய பயிற்சி அளித்தல் வேண்டும். கைபிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், சன்னல் கம்பியைப் பற்றியவாறு குதிகாலை உயர்த்துதல், ஊழியரின் துணையோடு தாழ்வாரத்தில் நடத்தல் ஆகியவை போதும். கைத்தடி பயன்படுத்துவோர் வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதனைப் பிடிக்க வேண்டும். தடியின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் உயரத்தில் இருத்தல் வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும்.

உணவின் பங்கு

எலும்புக்கும் தசைக்கும் உணவே அடிப்படை. ஆஸ்திரேலியாவில் 60 பராமரிப்பு இல்லங்களில் இரண்டாண்டுக் காலம் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூடுதலாக அளித்தனர். அவ்வில்லங்களில் விழுதல் நூற்றுக்கு 11 பங்கும், எலும்பு முறிவு 33 பங்கும், இடுப்பெலும்பு முறிவு 46 பங்கும் குறைந்தன. காக்களூர் மக்களுக்கு இச்செய்தி தனிப் பொருளுடையது. பால் பண்ணையை அருகிலேயே வைத்துக்கொண்டு, இல்லத்து முதியவர்க்குக் காலையில் ஒரு வாய்க் காப்பியோடு பாலை நிறுத்திவிடுவது முறையன்று. மதியம் தயிரும், மாலையில் ஒரு குவளைப் பாலும், கேழ்வரகும், பருப்பும், முட்டை உண்போர்க்கு முட்டையும் சேர்த்தல் நலம். சிறுநீரக நோயுள்ளவர்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். காலை வெயிலில் சிறிது நேரம் அமர்வதும் நன்று.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே இருவர் தோளைப் பற்றித் தூக்கி நிறுத்துவது நம் வழக்கம். அதனைக் கைவிட வேண்டும். முதலில் பேச்சுக் கொடுத்து நினைவு உள்ளதா என்று அறிய வேண்டும். தலையில் அடி, இரத்தக் கசிவு, ஒரு கால் குறுகி வெளிப்புறமாகத் திரும்பியிருத்தல், அசைத்தால் தாங்கொணா வலி ஆகியவற்றுள் ஏதேனும் காணப்படின் அசைக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்க்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிடினும் மருத்துவமனைக்குச் செல்லுதல் கட்டாயம்.

நம் பக்கத்தில் எலும்பு முறிவு என்றால் கட்டுக் கட்டிப் படுக்க வைப்பதையே பலர் முதலில் நினைக்கிறார்கள். முதியவரின் இடுப்பெலும்பு முறிவுக்கு அது போதாது. வாரக்கணக்கில் படுத்திருந்தால் சளிச்சுரமும் படுக்கைப் புண்ணும் உயிருக்கே உலை வைக்கும். கூடிய விரைவில் அறுவைச் சிகிச்சை செய்து, நடக்க வைப்பதே இன்றைய மருத்துவ நெறி. திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டுள்ளது. ஆகவே தொலைவைக் காரணமாகக் கூறுவதற்கும் இடமில்லை.

பதிவேடு

தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எவருக்கும் விபத்துப் பதிவேடு என்பது புதிதன்று. தொழிலாளி ஒருவர் காயமுற்று 48 மணி நேரம் வேலைக்கு வர இயலாமற் போனால் அதனை அறிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. இயந்திரத்தருகே நிற்கும் மகனுக்கு உள்ள இக்காப்பு, இல்லத்தில் இருக்கும் அவன் தாய்க்கும் வேண்டாமா?

ஒவ்வோர் இல்லத்திலும் விழுதல் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். நாள், நேரம், இடம், அப்பொழுது செய்துகொண்டிருந்த வேலை, காயம், கண்ட காரணம், எடுத்த நடவடிக்கை என ஏழு பத்திகள் போதும். மாத முடிவில் கணக்கிடும் முறை எளிது. நாற்பது பேர் வாழும் இல்லத்தில் முப்பது நாளுக்கு 1,200 ஆள்-நாட்கள். அம்மாதம் ஆறு முறை விழுதல் நேர்ந்திருந்தால், ஆயிரம் ஆள்-நாட்களுக்கு ஐந்து. மாதந்தோறும் இவ்வெண்ணைச் சுவரில் எழுதி வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குப் புலப்படும். ஆறில் நான்கு, விடியற்காலையில் குளியலறை வாசலில் நேர்ந்தன என்று பதிவேடு காட்டுமானால், எங்கே கம்பி பதிக்க வேண்டும், எந்த நேரத்தில் கூடுதல் ஆள் வேண்டும் என்பதை வேறு எவரும் சொல்ல வேண்டுவதில்லை.

ஒன்றை இங்கு வற்புறுத்துகிறோம். விழுதலை எழுதிய ஊழியரைக் கடிந்து கொண்டால், அடுத்த முறை எவரும் எழுத மாட்டார்கள். பதிவேட்டில் விழுதலே இல்லாத இல்லம் நல்ல இல்லம் என்று நாம் எண்ணிவிடலாகாது. அங்கே எழுதுவோர் இல்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். தணிக்கைக்கு வரும் அதிகாரிகளும் இதனை உணர்ந்து, குற்றம் காணும் நோக்கின்றிப் பதிவேட்டைப் பார்வையிட வேண்டும்.

யார் யார் என்ன செய்யலாம்?

இல்லப் பொறுப்பாளர் தனித்து இதனைச் செய்து முடித்தல் அரிது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் செவிலியரும் மாதம் ஒரு முறை வந்து இரத்த அழுத்தமும் மருந்தும் பார்வையிடலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் ஒரு பகுதியாகும். அதன் ஊழியர்களைக் கொண்டு நடைப் பயிற்சி அளிக்கலாம். கண்புரைக்குக் கண் மருத்துவ முகாம்களைப் பயன்படுத்தலாம். உள்ளாட்சி அமைப்புகள் இல்லத்துக்குச் செல்லும் பாதையைச் சமன் செய்து தெருவிளக்கு அமைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் வாரம் ஒருமுறை வந்து நகம் வெட்டுதல், உடன் நடத்தல் போன்ற தொண்டுகளை ஏற்கலாம். தொழிற்பேட்டையில் உள்ளவர்கள் கைபிடிக் கம்பிகளைச் செய்து தரலாம். அவர்கள் பட்டறையில் வீணாகும் குழாய்த் துண்டுகளே ஒரு குளியலறைக்குப் போதும். முதியோர் தம் குறைகளைத் தெரிவிக்க 14567 என்னும் தொலைபேசி எண் உண்டு. அதனை இல்லத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

முதியோர் மருத்துவத்தில் நம் மாநிலம் நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்து வந்துள்ளது. 1978ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. டாக்டர் வி. எஸ். நடராஜன் அத்துறையை வளர்த்தார். 1996ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் ஏற்பட்டது. 2024ஆம் ஆண்டில் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னையில் ஏற்றப்பட்ட அவ்விளக்கின் ஒளி, காக்களூர் போன்ற ஊர்களில் உள்ள ஒவ்வோர் இல்லத்தின் இரவு நேரத் தாழ்வாரத்துக்கும் வந்து சேர வேண்டும். அதனைக் கொணர்வது நம் கடமை.

கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய கேள்விகள்

1. நம் இல்லத்தில் சென்ற மூன்று மாதங்களில் எத்தனை விழுதல்கள் நேர்ந்தன? அவை பதிவாயினவா?

2. இன்று இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நாமே நடந்து பார்ப்போம். வழியில் தடுப்பவை யாவை?

3. தூக்க மாத்திரை உண்போர் எத்தனை பேர்? அதனை மருத்துவர் கடைசியாக எப்பொழுது ஆராய்ந்தார்?

4. எவரையேனும் கட்டி வைத்துள்ளோமா? அதற்கு மாற்றாக இன்றே என்ன செய்யலாம்?

இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டு, அவற்றுள் ஒன்றையேனும் இம்மாதத்துக்குள் செயற்படுத்துமாறு ஊழியர்களையும் பொறுப்பாளர்களையும் கேட்டுக் கொள்கிறோம்.